சட்டை கழற்றிய வர்ணக் குச்சிகள்

சித்தப்பா,

இன்று மத்தியானம் டிரங்குப் பெட்டியில் ஜானுவின் பழைய பாவாடையைத் தேடிக்கொண்டிருந்தேன். அடியில் கையை விட்டதும் அந்த வாசனை வந்தது. மெழுகும் எண்ணெயும் வெயிலில் இளகினால் வருமே, அந்த வாசனை. ஜப்பான் வர்ணக் குச்சிப் பெட்டி பாவாடைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நீங்கள் போன ஆடிக்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை. சித்திரை வெயிலில் குச்சிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தெடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிரிக்காமல் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெட்டியை வாங்கிய நாள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அப்பா ரயில்வே ஆபீஸில் தமக்குத் தெரிந்த பெரியவர்களையெல்லாம் பார்த்து, ரயில் வண்டியில் உங்களுக்குக் கார்டு வேலைக்கு ஏற்பாடு செய்திருந்த சமயம். டாக்டர் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி என்று வீடு முழுக்கப் பேச்சு. வேலை கிடைத்தால் உங்களுக்குக் கல்யாணம், எனக்கு மேல்படிப்பு, அம்மாவுக்குத் தனியாக ஒரு சமையல்காரி என்று ஆளுக்கொரு கனவு. அந்தச் சமயத்தில்தான் நீங்கள் என்னை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி பெரிய கடைவீதிக்குப் போனீர்கள்.

கடைக்கார ராவுத்தர் பெட்டியைத் திறந்து காட்டினார். "புதுச் சரக்கு தம்பி, எண்ணெயில செஞ்ச கலர் குச்சி. தண்ணி பட்டாலும் அழியாது. குழந்தை வாயில வைக்காம மட்டும் பாத்துக்கங்க."

ஒவ்வொரு குச்சிக்கும் காகிதத்தில் ஒரு உறை இருந்தது. நீங்கள் கேட்டீர்கள்: "எல்லாத்துலயும் பேர் போட்டிருக்கோ?"

"இங்கிலீஷ்ல போட்டிருக்கான். ஆனா பேரு எதுக்குத் தம்பி? அதான் ஆண்டவன் கண்ணு குடுத்திருக்கானே!"

நீங்கள் சிரித்தீர்கள். அந்த வேடிக்கைக்கு அவ்வளவு சிரிப்பு அதிகம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் பெட்டியைக் கொடுத்து, "ஜானுக்கு நீதான் வாத்தியார்" என்றீர்கள். தங்கைக்கு அப்போது ஐந்து வயது. எனக்குப் பதின்மூன்று. பள்ளிக்கூடத்தில் சித்திரப் போட்டியில் எனக்குப் பரிசாகக் கிடைத்த வாட்டர் கலர் டப்பா ஒன்றும் இருந்தது. லைப்ரரியிலிருந்து சித்திரப் பாடப் புத்தகம் எடுத்து வந்து, முதல் வாரம் நேர்கோடு, இரண்டாம் வாரம் வளைகோடு என்று நான் திட்டம் போட்டேன். மொட்டை மாடியில் சாயங்கால நிழல் விழும் பக்கமாகப் பாயை விரித்தோம். ஜானுவுக்கு அடுத்தபடியாக நீங்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"நீங்க எதுக்கு சித்தப்பா?"

"எனக்கும் தெரியாதே. ரெண்டு பேருக்குமா சேர்த்துச் சொல்லிக்கொடு. ஜானு குறும்பு பண்ணினா நான் பாத்துக்கறேன்."

குறும்பு செய்ததெல்லாம் நீங்கள்தான் என்று ஜானு அம்மாவிடம் போய்ச் சொல்வாள். ஆனால் நீங்கள் பாடத்தைக் கவனித்த மாதிரி எங்கள் வகுப்பில்கூட யாரும் கவனித்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு குச்சியையும் எடுத்து, உறையில் அச்சடித்திருந்த இங்கிலீஷ் பெயரை உரக்கப் படிப்பீர்கள். தமிழில் அது என்ன என்று என்னைக் கேட்பீர்கள். ஜானு அதைத் திருப்பிச் சொல்வாள். பிறகு குச்சியைக் கண்ணுக்கு அருகே பிடித்து, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெட்டியில் வைப்பீர்கள். ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்பும்போது முகத்தை மனசில் வாங்கிக்கொள்வோமே, அந்தப் பார்வை.

நேர்கோட்டை ஜானு இரண்டாம் நாளே கைவிட்டாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வெள்ளைக் குச்சியை எடுத்து வெள்ளைத் தாளின்மேல் வெகுநேரம் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். நாக்கு நுனி வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமே தெரியலையேடி. தாள் வீண்!" என்றேன்.

"கோலம் போட்டிருக்கேன். வாசல்ல வெள்ளைதானே போடுவா?"

"வாசல் மண்ணு. இது வெள்ளைத் தாள். தெரியாது."

"எனக்குத் தெரியறதே!"

ஜானு அழுவதற்குத் தயாரானாள். நீங்கள் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தீர்கள். "இங்கே வழவழன்னு இருக்கு" என்று விரலால் தடவினீர்கள். பிறகு என் தூரிகையை எடுத்து, நீலத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து, தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இழுத்தீர்கள். கடைக்காரர் தண்ணீர் பட்டாலும் அழியாது என்று சொன்னதை நீங்கள் மட்டும்தான் காதில் வாங்கியிருக்கிறீர்கள். எண்ணெய்க் கோட்டின்மேல் தண்ணீர் நிற்காமல் இரண்டு பக்கமும் விலகி ஓடியது. நீலத்துக்கு நடுவே ஜானுவின் கோலம் எழுந்து வந்தது. கோணல் புள்ளிகள், முடியாத ஒரு தாமரை, மூலையில் அவளுடைய பெயரின் முதலெழுத்து. இவ்வளவும் நான் வீண் என்று சொன்ன தாளில் முன்பே இருந்திருக்கின்றன.

ஜானு அலட்சியமாக, "நான்தான் சொன்னேனே" என்றாள்.

நீங்கள் தூரிகையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தீர்கள். "தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லை போலருக்கு" என்றீர்கள், யாரிடமும் இல்லாமல்.

அதற்குப் பிறகு எங்கள் படமெல்லாம் அந்த மாதிரிதான். முதலில் குச்சி, பிறகு தண்ணீர். அதனால் வந்ததுதான் வினை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது குச்சிகளின் காகித உறையெல்லாம் உரிக்கப்பட்டுக் குப்பையாய்க் கிடந்தன. குச்சிகள் பெட்டியில் வெறும் உடம்போடு படுத்திருந்தன.

"ஏண்டி உரிச்சே?"

"அதுகளுக்குத் தண்ணியில விளையாடணுமே. சட்டையோட யாராவது காவேரியில இறங்குவாளா?"

எனக்கும் அம்மாவுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நீங்கள் சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று ஜானு உங்களை ஒரு மாமரம் போடச் சொன்னாள். கோடெல்லாம் அழகாக வந்தது. இலைக்கு வர்ணம் தீட்ட நீங்கள் ஒரு குச்சியை எடுத்தீர்கள். ஜானு கைகொட்டிக் குதித்தாள். "ஐயையோ! சித்தப்பா மரத்துல செங்கல் காய்ச்சிருக்கு!"

அவளைச் சிரிக்க வைக்க நீங்கள் வேண்டுமென்றே செய்ததாகத்தான் நானும் நினைத்தேன். "சரி, பச்சை எடுக்கறேன்" என்று வேறொன்றை எடுத்தீர்கள். அது சிவப்பு. எடுத்ததும் நீங்கள் குச்சியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் வகுப்பில் மானிட்டர், சித்தப்பா. விடை தெரியாதவர்கள் எப்படி டீச்சர் முகத்தைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஜானு பால் குடிக்கக் கீழே போனதும் கேட்டேன். "நிஜமாவே தெரியலையா?"

"தெரியறது. ஆனா உனக்குத் தெரியற மாதிரி இல்லை போலருக்கு." குச்சியை உருட்டிக்கொண்டே சொன்னீர்கள். "சின்ன வயசுல கோவைப்பழம் பறிக்க அனுப்புவா. எல்லாரும் மடி நிறையக் கொண்டு வருவா, நான் காயும் பழமுமாக் கொண்டு வருவேன். சோம்பேறின்னு திட்டுவா. எனக்குக் கொடியில பழமே கண்ணுல படாது."

"டாக்டர் பரிசோதனை?"

"கம்பளி நூலைக் குவிச்சு வச்சு, சிவப்பைத் தனியா எடு, பச்சையைத் தனியா எடும்பாளாம். வாய்ப்பாடு மாதிரி நெட்டுருப் போட்டுடலாம்னு பார்த்தேன். உனக்குச் சொல்லிக்கொடுக்க நன்னா வரும். ஜானு பக்கத்துல உக்காந்து நானும் கத்துண்டுடலாம்னு..."

"அதுக்காகவா இந்தப் பெட்டியை வாங்கினேள்?"

"ஜானுக்காகவும்தான்."

எனக்குக் கோபம் வரவில்லை. காலேஜில் படித்தவர் என்னை வாத்தியாராக வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பெருமைதான் வந்தது. உலகத்தில் எதையும் உழைத்துப் படித்தால் வந்துவிடும் என்பது அப்போது என் நம்பிக்கை. உங்களுக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. நிறமும் பாடம்தான், பயிற்சி போதவில்லை, அவ்வளவுதான் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். அப்பாவிடம் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தோம்.

பயிற்சிக்கு ஜானுதான் பரீட்சை அதிகாரி. விசிறிக் காம்பைப் பிரம்பாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"எங்கே, சிவப்பு எடு!"

"இதோ, மேடம்."

"தப்பு! கையை நீட்டு!"

அடி வாங்கி வாங்கி நீங்கள் தேறினீர்கள். ஒரு சாயங்காலம் அவள் கேட்ட அத்தனை நிறத்தையும் ஒன்றுகூடத் தப்பாமல் எடுத்துக் கொடுத்தீர்கள். நான் துள்ளி எழுந்தேன். கண்ணுக்குக்கூடப் பாடம் நடத்தலாம், நான் நடத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

"குதிக்காதே, நில்லு" என்றீர்கள். "சிவப்புதான் எல்லாத்துலயும் குட்டை. இவ அதைத்தானே தேய்ச்சுண்டே இருக்கா! பச்சைக்கு நுனி ஒடைஞ்சிருக்கு. பழுப்பை யாரும் தொடறதில்லை, அதான் நெட்டையா நிக்கறது. வாத்தியாரையே ஏமாத்தற மாணாக்கன்!"

நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் நான் விடவில்லை. தையல் வகுப்பிலிருந்து கம்பளி நூல் துண்டுகள் வாங்கி வந்தேன். நிறம் தெரியாவிட்டால் என்ன, வெளிச்சம் தெரியுமே! எந்த நூல் அழுத்தம், எந்த நூல் வெளிர் என்று உங்களைக் கேட்டேன். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். எனக்கு ஒரே மாதிரித் தெரிந்த இரண்டு நூலில் எது ஒரு மயிரிழை கறுப்பு என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். அதை வைத்தே சிவப்பையும் பச்சையையும் வரிசைப்படுத்தப் பழகினீர்கள்.

அந்த நாட்களில் உங்களை நினைத்து நான் ரகசியமாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். பாவம், இவருக்குச் செம்பருத்தி தெரியாது, தளிர் தெரியாது என்று. கிளிகள் வந்த அன்று அந்த வருத்தம் போயிற்று. பக்கத்து வீட்டுப் புன்னைமரம் நம் மாடி அளவுக்கு வளர்ந்து நிற்குமே, அதை நாங்கள் வரைந்துகொண்டிருந்தோம். நான் இலையை முடித்துவிட்டேன்.

"கிளியை விட்டுட்டியே" என்றீர்கள்.

"எங்கே கிளி?"

"மரம் பூரா உக்காந்திருக்கே!"

நானும் ஜானுவும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தோம். ஒன்றுமில்லை. இலைதான். நீங்கள் எழுந்து நின்று கையைத் தட்டினீர்கள். மரம் சிதறியது. பாதி மரமே பறந்து போகிற மாதிரி ஒரு கூட்டம் கிளி, கீச்சென்று கத்திக்கொண்டு கோவில் தாயார் சந்நிதிப் பக்கமாகப் போயிற்று. அவ்வளவு நேரமும் அவை என் கண்ணெதிரே இருந்திருக்கின்றன.

"உங்களை இலை ஏமாத்திடறது. பச்சைன்னதும் நீங்க நம்பிடறேள்" என்றீர்கள். "எனக்கு அந்தச் சௌகரியம் இல்லையே. மூக்கு இருக்கா, வால் இருக்கான்னு ஒவ்வொண்ணா பார்த்தாகணும்."

ஜானு உங்கள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "உங்களுக்கு எந்தக் கலர்தான் தெரியும்?"

"நீலம். அது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும். பெருமாள் நீலம்னு சொல்லி வச்சிருக்காளே, எனக்கு அது போறாதா?"

நான் அன்று இரவு சாப்பிடும்போதும் உங்கள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில், ஒரே விளக்கு வெளிச்சத்தில், இன்னொருவருக்கு வேறொரு உலகம் தெரிந்துகொண்டிருக்கிறது. அதை அவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. இதை நினைக்க நினைக்க எனக்குக் கோபுரத்தின் அடியில் நின்று தலையை நிமிர்த்திப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பரிசோதனைக்கு முந்தின நாள் நூல் பாடம் உங்களுக்குத் தப்பவே இல்லை. நூலுக்கு நீளம் கிடையாது, நுனி கிடையாது. நானே தினம் மாற்றி மாற்றி வெட்டி வந்தேன். இந்தத் தடவை நிஜமான வெற்றி. அதைக் கொண்டாட எங்களை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு ரயில் பார்க்க அழைத்துப் போனீர்கள். பிளாட்பாரக் கடைசியில் நின்றோம். பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியிருந்தது. கைகாட்டி மரத்தின் கை மங்கி, விளக்கு மட்டும், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாமல், புள்ளியாகத் தெரிந்தது.

"பச்சை போட்டாச்சு! வண்டி வரப்போறது!" என்று ஜானு கத்தினாள்.

"பச்சையா?" என்று கேட்டீர்கள். மெதுவாகத்தான் கேட்டீர்கள்.

"இதுகூடத் தெரியாதா? எத்தனை தரம் சொல்லிக்கொடுத்தாச்சு! கையை நீட்டு!"

நீங்கள் கையை நீட்டினீர்கள். அவள் அடித்தாள். வண்டி வந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். ஒரு அம்மாள் தோளில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தீர்கள். கடைசியில் கார்டு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் உங்களை வைத்துப் பார்த்து நான் பூரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தேன். கூடத்தில் அப்பாவின் குரல் வாசல்வரை கேட்டது.

"டாக்டர் நூலை மேஜைமேல கொட்டினாராம். இவன் கையைப் பின்னால கட்டிண்டு, 'எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது சார்'னானாம்! யாருடா கேட்டா உன்னை? பேசாம நூலை எடுத்து வச்சிருக்கப்படாதா? நான் எத்தனை பேர் கால்ல விழுந்திருக்கேன் தெரியுமா?"

"எடுத்து வச்சிருப்பேன் அண்ணா. ஒண்ணுகூடத் தப்பாம எடுத்து வச்சிருப்பேன்." நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "இவ அவ்வளவு நன்னாச் சொல்லிக்கொடுத்திருக்கா. அதான் எனக்குப் பயமாப் போச்சு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா அடுப்பங்கரையில் பாத்திரத்தை வேண்டுமென்றே ஓசைப்படுத்தினாள். நான் மாடிக்குப் போய் அழுதேன். நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"நீ தோத்துப் போகலை. நான் நிச்சயம் பாஸ் பண்ணியிருப்பேன்."

"அப்புறம் ஏன்?"

"வண்டியில அத்தனை பேர் தூங்கிண்டு வரா. 'பச்சை'ன்னு சொல்ல ஜானு தினம் என்கூட வர முடியுமா, சொல்லு?"

அன்று எனக்கு உங்கள்மேல் வருத்தம்தான். அது வருத்தமாக இல்லாமல் வேறொன்றாக மாற எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. யாருமே கண்டுபிடித்திருக்க முடியாது, சித்தப்பா. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் என்னையும் ஜானுவையும் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. நாங்கள் இரண்டு பேரும் குழந்தைகள். மேஜைமேல் நூல் கிடக்கிறது, கையை நீட்டினால் வேலை. அந்தக் கையை நீங்கள் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

அப்பா உங்களோடு மறுபடி பேச வெகுநாள் ஆயிற்று. நீங்கள் திருவெள்ளறையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலைக்குப் போனீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருவீர்கள். வந்ததும் ஜானுவின் புதுப் படங்களைக் கேட்பீர்கள். அப்பா பேசாவிட்டாலும் ஜன்னலோரமாக உங்களுக்கு இடம் விட்டு உட்காருவார். ஒரு ஞாயிறு கண் மஞ்சளாக வந்து இறங்கினீர்கள். பத்தியமும் கஷாயமும் ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீங்கள் நினைவில்லாமல் கிடந்த கடைசி நாட்களில் அப்பா தினமும் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உங்கள் தலைமாட்டில் நின்றார். காரியங்களெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், வீட்டுக்கு வந்தவர் ஒருவரிடம், "என் தம்பி ரயில்வே வேலையை வேண்டாம்னவன்" என்று சொன்னார். அவர் குரலில் இருந்தது குறை இல்லை. நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

நான் இப்போது பள்ளியில் கடைசி வகுப்புக்கு வந்துவிட்டேன். போன வாரம் சித்திரப் பரீட்சை. வாழையிலையில் ஒரு செம்பருத்திப்பூ வைத்து, வர்ணத்தில் தீட்டச் சொன்னார்கள். எல்லாரும் சிவப்பும் பச்சையும் குழைத்து முடித்துவிட்டார்கள். நானும் முடித்தேன். பிறகு, நீங்கள் போனபின் நானாக ஏற்படுத்திக்கொண்ட ஒரு வழக்கம், நிறம் மங்கி வெளிச்சம் மட்டும் தெரியும்படி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தேன். பூவும் இலையும் ஒரே சாம்பலாகக் கலந்துபோயின. பூ காணாமலே போயிற்று. அதனால் பூவைச் சுற்றி இலையை அழுத்தமாக இருட்டாக்கத் தொடங்கினேன்.

சித்திர டீச்சர் என் பின்னால் வந்து நின்றார். "இலையை ஏன் இப்படிக் கறுப்பாக்குறே? பூ சிவப்பு, இலை பச்சை. அதுவே போதுமே!"

"எல்லாருக்கும் போதாது டீச்சர்" என்றேன்.

மார்க் குறைந்தாலும் குறையட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு தடவை தூரிகையை இழுத்துவிட்டு, மறுபடி கண்ணைப் பாதி மூடினேன். சிவப்பு போயிற்று, பச்சை போயிற்று. பூ மட்டும் இலைமேல் நின்றது.